இண்டெக்ஸ் எவ்வளவு இடம் பிடிக்கிறது? டேட்டாபேஸை எடை போட்டுப் பார்க்கும் முழு வழி

ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு சாயங்காலம் வண்டன்மேட்டிலிருந்து போன் வந்தது. "அண்ணே, சீட்டுப் போட்டா ஏற மாட்டேங்குது. டிஸ்க்கு நெறஞ்சிருச்சுன்னு சிவப்பா காட்டுது. ஆளுக எல்லாம் மூட்டையோட நிக்கிறாக, ஜீப்பு கெளம்பணும்."

கம்பத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் விடிகாலையில் மலையேறுகிற பெண்கள் அந்த எடைச்சீட்டை நம்பித்தான் கூலி வாங்குகிறார்கள். சீட்டு ஏறவில்லையென்றால் அன்றைய கணக்கு நோட்டுப் புத்தகத்துக்குப் போகும். அதில் ஒரு வரி விட்டுப்போனால் ஒருத்தருடைய கூலியில் அடி விழும். அன்று ராத்திரி கம்பத்தில் உட்கார்ந்து அந்த சர்வரைப் பார்த்தபோது, இண்டெக்ஸ்களின் (டேபிளில் தேடுவதை விரைவாக்க டேட்டாபேஸ் தனியாக வைத்திருக்கும் பட்டியல்கள்) இடத்தை எப்படி அளக்க வேண்டும் என்பதை நானே அரைகுறையாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன் என்று புரிந்தது. அதற்குப் பிறகு முறையாகக் கற்றதையும் தினமும் செய்து பார்த்ததையும் இங்கே வரிசையாக வைக்கிறேன். பெரும்பகுதி போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் பற்றியது, ஏனென்றால் என் கையில் அதிகம் புழங்குவது அதுதான். மைஎஸ்கியூஎல்லுக்கும் வருகிறேன். எஸ்கியூஎல் சர்வர், ஆரக்கிள், எஸ்கியூலைட் மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்பு அப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில், நான் அடிக்கோடு போட்ட இடத்தில் அடிக்கோட்டோடு தட்டுங்கள்.

முதலில் மூச்சு விட இடம்

டிஸ்க் முழுக்க நிறைந்திருக்கும்போது அளவெடுக்கிற வேலையைத் தொடங்காதீர்கள். அப்ளிகேஷனின் பழைய லாக் கோப்புகள், யாரோ போட்டு வைத்த பழைய பேக்கப்பின் இரண்டாம் பிரதி இப்படி எதையாவது வேறு இடத்துக்கு நகர்த்தி ஒன்றிரண்டு ஜிபி விடுவியுங்கள். போஸ்ட்கிரெஸின் டேட்டா கோப்புறைக்குள் இருக்கும் பிஜி_வால் கோப்புறையில் மட்டும் கை வைக்கவே கூடாது. பதிப்பு 10-க்கு முன்பு அதற்கு பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர், அதைப் பார்த்து வெறும் லாக் என்று நினைத்து அழித்தவர்கள் டேட்டாபேஸையே இழந்திருக்கிறார்கள். அது வெறும் பதிவேடு இல்லை. சர்வர் விழுந்தால் எழுந்து நிற்பதற்கான ஆதாரமே அதில்தான் இருக்கிறது.

இண்டெக்ஸ் டிஸ்கில் எந்த உருவத்தில் இருக்கிறது

போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு டேபிளும் தனிக் கோப்பு, ஒவ்வொரு இண்டெக்ஸும் தனிக் கோப்பு. கோப்பு 1 ஜிபியைத் தாண்டினால் அடுத்த துண்டு தொடங்கும். உள்ளே எல்லாம் 8 கேபி பக்கங்கள். ஆகவே இண்டெக்ஸின் அளவு என்பது பக்கங்களின் எண்ணிக்கையை 8192-ஆல் பெருக்கினால் வருவது, அவ்வளவுதான். எந்தக் கோப்பு யாருடையது என்று அறிய பிஜி_ரிலேஷன்_ஃபைல்பாத் என்ற ஃபங்ஷனுக்கு இண்டெக்ஸின் பெயரைக் கொடுத்தால் பாதை வந்துவிடும். ஆனால் கோப்புறைக்குள் போய் எண்களைத் தேடித் திரிய வேண்டியதில்லை, டேட்டாபேஸே சொல்லும்.

ஒரு டேபிளுக்கு நான்கு எண்கள்

இங்கேதான் நான் தவறு செய்தேன். அந்தச் சர்வரில் முன்பு வேலை பார்த்தவர் எழுதி வைத்த ஒரு சிறு ஸ்கிரிப்ட் இருந்தது. மொத்த அளவிலிருந்து டேபிளின் அளவைக் கழித்து, மிச்சத்துக்கு 'இண்டெக்ஸ்' என்று பெயர் போட்டிருந்தது. எடைச்சீட்டு டேபிளுக்கு அது காட்டிய எண் 10.8 ஜிபி. 50 லட்சம் வரிசை உள்ள டேபிளுக்கு இது நம்ப முடியாத எண். நானோ நம்பினேன். எந்த இண்டெக்ஸைத் தூக்கலாம் என்று அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போஸ்ட்கிரெஸ் தரும் நான்கு ஃபங்ஷன்களைத் தனித்தனியாகப் புரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் வராது.

பிஜி_ரிலேஷன்_சைஸ் என்பது டேபிளின் முதன்மைக் கோப்பு மட்டும். வரிசைகள் நேரடியாக உட்கார்ந்திருக்கும் இடம்.

பிஜி_டேபிள்_சைஸ் அதோடு டோஸ்ட்டையும் சேர்க்கும். ஒரு வரிசை சுமார் 2 கேபியைத் தாண்டும்போது நீளமான மதிப்புகள், அதாவது படம், பெரிய ஜேசன், நெடிய உரை, அமுக்கப்பட்டோ துண்டாக்கப்பட்டோ பக்கத்தில் ஒரு நிழல் டேபிளுக்குப் போகும். அதற்குத்தான் டோஸ்ட் என்று பெயர். காலி இட வரைபடமும் பார்வை வரைபடமும் இந்த எண்ணுக்குள் அடங்கும், ஆனால் அவை சிறியவை.

பிஜி_இண்டெக்சஸ்_சைஸ் அந்த டேபிளோடு கட்டிய எல்லா இண்டெக்ஸும் சேர்ந்த எடை.

பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ் மேலே சொன்ன பின்னிரண்டின் கூட்டல்.

எல்லாவற்றையும் ஒரே வரியில் கேளுங்கள்:

செலக்ட்
  பிஜி_சைஸ்_பிரிட்டி(பிஜி_ரிலேஷன்_சைஸ்('எடைச்சீட்டு')),
  பிஜி_சைஸ்_பிரிட்டி(பிஜி_டேபிள்_சைஸ்('எடைச்சீட்டு')),
  பிஜி_சைஸ்_பிரிட்டி(பிஜி_இண்டெக்சஸ்_சைஸ்('எடைச்சீட்டு')),
  பிஜி_சைஸ்_பிரிட்டி(பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ்('எடைச்சீட்டு'));

எனக்கு வந்த விடை, ஜிபியாக மாற்றிச் சொன்னால்: வரிசைகள் 1.1 ஜிபி, டோஸ்ட்டோடு 10.1 ஜிபி, இண்டெக்ஸ் 1.8 ஜிபி, மொத்தம் 11.9 ஜிபி. மிச்ச 9 ஜிபியும் தராசின் காட்சியைப் படமெடுத்துச் சீட்டோடு சேமிக்கும் வசதி வந்த பிறகு குவிந்த படங்கள். பழைய ஸ்கிரிப்ட் அத்தனை படங்களையும் இண்டெக்ஸ் கணக்கில் எழுதியிருந்தது. மொத்தத்திலிருந்து கழிப்பதென்றால் பிஜி_டேபிள்_சைஸைக் கழிக்க வேண்டும், பிஜி_ரிலேஷன்_சைஸை அல்ல. இந்த ஒரு சொல் மாறியதால் மூன்று இண்டெக்ஸ்களை அநியாயமாக அழித்திருப்பேன்.

பிஜி_சைஸ்_பிரிட்டி கண்ணுக்கு இதம், 1024-ஆல் வகுத்து எம்பி, ஜிபி என்று காட்டும். ஆனால் அது தருவது உரை. அதைக் கொண்டு சிறியதிலிருந்து வரிசைப்படுத்தினால் '90 எம்பி' போய் '800 எம்பி'க்குக் கீழே உட்காரும். வரிசைப்படுத்தவும் சேமித்து வைக்கவும் வெறும் பைட் எண்ணையே எடுங்கள்.

இந்த அளவு ஃபங்ஷன்கள் டேபிளின் மேல் லேசான பூட்டு ஒன்று போடும். சாதாரண வேலை எதையும் அது தடுக்காது. ஆனால் அந்த நேரத்தில் யாராவது டேபிளின் அமைப்பை மாற்றிக்கொண்டிருந்தால் உங்கள் குவெரி காத்து நிற்கும். தொங்கிவிட்டது என்று பதற வேண்டாம்.

ஒவ்வொரு இண்டெக்ஸாகத் தராசில்

மொத்தம் தெரிந்தாயிற்று. இனி தனித்தனியாக:

செலக்ட் இண்டெக்ஸ்ரெல்ஐடி::ரெக்கிளாஸ்,
  பிஜி_ரிலேஷன்_சைஸ்(இண்டெக்ஸ்ரெல்ஐடி),
  இண்டிஸ்பிரைமரி, இண்டிஸ்யூனிக், இண்டிஸ்வேலிட்
ஃப்ரம் பிஜி_இண்டெக்ஸ்
வேர் இண்ட்ரெல்ஐடி = 'எடைச்சீட்டு'::ரெக்கிளாஸ்
ஆர்டர் பை 2 டெஸ்க்;

கடைசி மூன்று நெடுவரிசைகளை அலட்சியம் செய்ய வேண்டாம். முதல் இரண்டும் அந்த இண்டெக்ஸ் முதன்மைச் சாவியா (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டுவது), ஒரே மதிப்பு இருமுறை வராமல் காக்கிறதா என்று சொல்லும். அவை தேடலுக்குப் பயன்படாவிட்டாலும் காவலுக்கு நிற்கின்றன. இண்டிஸ்வேலிட் என்பது பொய் என்று வந்தால் அது பாதியில் நின்றுபோன கட்டுமானம். பூட்டாமல் இண்டெக்ஸ் கட்டும் கன்கரன்ட்லி முறை நடுவில் தோற்றால் இப்படி ஒரு எலும்புக்கூடு மிஞ்சும். பெயரின் வாலில் 'சிசிநியூ' என்று ஒட்டியிருந்தால் அது ரீஇண்டெக்ஸ், அதாவது இண்டெக்ஸைத் திரும்பக் கட்டும் வேலை, தோற்றதன் மிச்சம். எந்தத் தேடலுக்கும் உதவாது. ஆனாலும் புது வரிசை வரும்போது பெரும்பாலும் அதிலும் பதிவு ஏறும், இடமும் நேரமும் போகும்.

எடைச்சீட்டில் ஏழு பெயர்கள் வந்தன:

பெயர், சீட்டு எண் சேர்ந்தது: 520 எம்பி
ரசீதின் யூயூஐடி (ஒன்றுபோல் இன்னொன்று வராத நீள அடையாளக் குறி): 290 எம்பி
பெயர், சீட்டு எண் இண்டெக்ஸின் சிசிநியூ மிச்சம்: 280 எம்பி
தோட்டம், தேதி சேர்ந்தது: 260 எம்பி
முதன்மைச் சாவி: 190 எம்பி
கூலி நிலை: 180 எம்பி
தேதி: 170 எம்பி

யாரோ எப்போதோ பெயர் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டப் பார்த்து, அது தோற்று, அதைக் கவனிக்காமலே போயிருக்கிறார்கள். பட்டியலில் சந்தேகமே இல்லாமல் அழிக்கத்தக்கது அது ஒன்றுதான்.

எடை சரியா என்று எப்படித் தெரியும்

190 எம்பி என்பது அதிகமா, குறைவா? எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. இங்கே மலையில் கிட்டத்தட்ட 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோ ஏலக்காய் என்று கணக்கு. ஸ்டோரிலிருந்து வரும் மூட்டை அந்தக் கணக்கைவிடக் கனமாக இருந்தால் ஈரம் இருக்கிறது என்று தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இண்டெக்ஸுக்கும் அப்படி ஒரு கணக்கு எடை உண்டு. அதை நாமே போடலாம்.

பி-ட்ரீ என்ற வழக்கமான மர வடிவ இண்டெக்ஸில் ஒரு பதிவுக்குத் தலைப்பு 8 பைட், பக்கத்தின் தொடக்கத்தில் அதைச் சுட்டும் குறி 4 பைட். மதிப்பு ஒரு பிகின்ட், அதாவது பெரிய முழு எண், என்றால் 8 பைட். ஆக 20. சாதாரண இன்டிஜர் 4 பைட்தான் என்றாலும் 8-இன் மடங்குக்கு நிரப்பப்படுவதால் அதற்கும் இதே 20-தான், இடம் மிச்சமாகாது. 8192 பைட் பக்கத்தில் தலைப்பும் கடைசிப் பகுதியும் போக 8152. இயல்பு ஃபில்ஃபேக்டர் 90, அதாவது பதிவுகள் இருக்கும் அடிமட்டப் பக்கமான இலைப்பக்கத்தை 90 சதவீதம் வரைதான் நிரப்புவார்கள். 7337 பைட்டை 20-ஆல் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு 366 பதிவுகள்.

10 லட்சம் வரிசைக்கு 2733 இலைப்பக்கங்கள், மேல்மட்டப் பக்கங்கள் சிலவற்றோடு சுமார் 21 எம்பி. 1 கோடி வரிசைக்கு 214 எம்பி. நம்பிக்கை வராவிட்டால் போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜிபெஞ்ச் கருவியை 100 அளவுகோலில் தொடங்கிப் பாருங்கள். அது 1 கோடி வரிசையோடு ஒரு அக்கவுன்ட்ஸ் டேபிளை உண்டாக்கும். அதன் வரிசைகள் 1281 எம்பி, முதன்மைச் சாவி 214 எம்பி என்று வரும். காகிதத்தில் போட்ட கணக்கு டிஸ்கில் அப்படியே வந்து நிற்பதைப் பார்ப்பது தனி சந்தோஷம். ஒருமுறையாவது செய்து பாருங்கள், அதற்குப் பிறகு இந்த எண்கள் உங்களை மிரட்டாது.

எங்கள் 50 லட்சம் வரிசைக்கு முதன்மைச் சாவி 107 எம்பி இருக்க வேண்டும். 190 இருந்தது. யூயூஐடி 16 பைட், ஆகவே பதிவுக்கு 28 பைட், பக்கத்துக்கு 262 பதிவு, 149 எம்பி. அங்கே 290. யூயூஐடியில் ஒரு நியாயமான கூடுதல் உண்டு. மதிப்புகள் ஒழுங்கில்லாமல் வருவதால் பக்கங்கள் நடுவில் பிளந்துகொண்டே இருக்கும், நிரம்பிய அளவு 70 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். அதனால் 190 எம்பி என்றால் குறை சொல்லமாட்டேன். 290 என்பது ஈரமுள்ள மூட்டை.

மிக மோசம் கூலி நிலை இண்டெக்ஸ். பாக்கி, கொடுத்தது என்று இரண்டே மதிப்பு. போஸ்ட்கிரெஸ் 13 முதல், ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் அதை ஒருமுறை எழுதிவிட்டு வரிசைகளின் முகவரியை மட்டும் 6 பைட் வீதம் அடுக்கும். 50 லட்சத்துக்குச் சுமார் 34 எம்பி போதும். இருந்ததோ 180. இதில் ஒரு கவனம்: 13-க்கு முன்பு கட்டிய இண்டெக்ஸைக் கோப்போடு கோப்பாக அப்கிரேடு செய்து கொண்டுவந்திருந்தால், ஒருமுறை ரீஇண்டெக்ஸ் செய்யும்வரை இந்தச் சிக்கனம் வேலை செய்யாது.

ஏன் இப்படி வீங்கியது? சம்பள நாளில் அந்த வாரச் சீட்டுகள் எல்லாம் 'பாக்கி'யிலிருந்து 'கொடுத்தது' ஆகும். போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையை மாற்றினால் பழையது இருக்கும் இடத்திலேயே இருக்க, புதுப் பிரதி ஒன்று எழுதப்படும். மாற்றிய நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் இல்லாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், இண்டெக்ஸ்களைத் தொடாமலே வேலை முடியும். அதற்கு ஹாட் என்று பெயர். கூலி நிலைக்கு இண்டெக்ஸ் போட்டுவிட்டதால் அந்தச் சலுகை போயிற்று. ஒவ்வொரு சம்பள நாளும் ஒவ்வொரு சீட்டுக்கும் எல்லா இண்டெக்ஸிலும் புதுப் பதிவு. பதிப்பு 14 வந்தபோது இந்த வீக்கத்தைக் குறைக்கும் ஏற்பாடு சேர்ந்தது. எங்கள் சர்வர் அப்போது 13. வேக்யூம் வந்து செத்த பதிவுகளை அகற்றும், காலியான பக்கங்களை மறுபடி பயன்படுத்த விடும். ஆனால் இண்டெக்ஸ் கோப்பு சிறியதாகாது. வீங்கிய உடம்பு வீங்கியபடியே நிற்கும்.

தமிழில் எழுதினால் எடை கூடும்

இது ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு வராத, நம் மாதிரி எழுத்துகளுக்கு உள்ள கணக்கு. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். மலையாளத்துக்கும் அதே 3. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஆள் வைத்துப் பேரேடு நடத்துபவர்களுக்கு இரண்டும் பொருந்தும். 'முருகேசன்' என்ற பெயர் ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ஏகாரக் குறி, ச, ன, புள்ளி என 9 குறியீடு, 27 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 9 பைட். திரும்ப வராத மதிப்பு என்று வைத்துக்கொண்டால் இண்டெக்ஸில் முதலாவதற்கு 44 பைட், இரண்டாவதற்கு 28 பைட். ஒரு பக்கத்தில் 166 பெயர், 262 பெயர்.

இதற்காகப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். கூலிச் சீட்டில் தன் பெயரைத் தானே படிக்க முடிவது பெரிய விஷயம். ஆனால் பெயரைச் சீட்டு டேபிளில் லட்சம் முறை எழுதி அதற்கு இண்டெக்ஸும் போடுவதற்குப் பதில், ஆள் டேபிளில் ஒருமுறை எழுதி, சீட்டில் ஆள் எண்ணை வையுங்கள்.

இன்னொன்று. போஸ்ட்கிரெஸில் டேபிளுக்கும் இண்டெக்ஸுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், நன்றாக வேலை செய்யும். பெயரின் உச்ச நீளம் 63 பைட், ஆகவே தமிழில் 21 குறியீடு. அதைத் தாண்டினால் ஓர் அறிவிப்போடு வெட்டிவிடும். 'வண்டன்மேடு' ஒன்றே 30 பைட் தின்றுவிடும். நீளப் பெயர் வைத்து, பிறகு அளவெடுக்கும்போது அந்தப் பெயரில் இண்டெக்ஸே கிடைக்கவில்லை என்று தேடியிருக்கிறேன்.

உள்ளே திறந்து பார்ப்பது

காகிதக் கணக்கு போதாத இடத்தில் பிஜிஸ்டாட்டப்பிள் என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, பிஜிஸ்டாட்இண்டெக்ஸ் ஃபங்ஷனுக்கு இண்டெக்ஸின் பெயரைக் கொடுங்கள். இலைப்பக்கங்கள் சராசரியாக எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கின்றன, எத்தனை பக்கங்கள் காலி, எத்தனை நீக்கப்பட்டவை என்று வரும். புதிதாகக் கட்டியதில் நிரப்பு 90-ஐ ஒட்டி இருக்கும். கூலி நிலை இண்டெக்ஸில் நிரப்பு பாதிக்கும் கீழே கிடந்தது, நீக்கப்பட்ட பக்கங்களும் ஏராளம். இந்த ஃபங்ஷன் இண்டெக்ஸ் முழுவதையும் டிஸ்கிலிருந்து படிக்கும். எடை போடுகிற நேரத்தில் ஓட்ட வேண்டாம், ஜீப்புகள் இறங்கிய பிறகு ஓட்டுங்கள்.

அளவு சொல்லாத விஷயங்கள்

பெரிய இண்டெக்ஸ் என்பதாலேயே அது வேண்டாதது ஆகிவிடாது. பயன்பாட்டைப் பார்க்க பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்சஸ் என்ற வியூவில் ஐடிஎக்ஸ்_ஸ்கேன் என்ற எண் இருக்கிறது. பதிப்பு 16 முதல் கடைசியாக எப்போது பயன்பட்டது என்ற நேரமும் வருகிறது.

இந்த எண்ணை நம்பி நான் பட்ட அடி ஒன்று உண்டு. முன்பு ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் ஐடிஎக்ஸ்_ஸ்கேன் பூஜ்யமாக இருந்த பெரிய இண்டெக்ஸ் ஒன்றை அழித்தேன். மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவர் கூப்பிட்டார், "தம்பி, ரிப்போர்ட் காலையிலருந்து சுத்திக்கிட்டே இருக்கு." அவர்கள் ரிப்போர்ட்டை எல்லாம் ரெப்ளிகாவில், அதாவது பிரதான சர்வரின் நகலாக ஓடும் சர்வரில், ஓட்டியிருக்கிறார்கள். பயன்பாட்டு எண்ணிக்கை ஒவ்வொரு சர்வருக்கும் தனி. பிரதான சர்வரில் பூஜ்யம் என்பது ரெப்ளிகாவில் பூஜ்யம் என்று ஆகாது. இண்டெக்ஸை அழித்தாலோ அது இரண்டிலும் போய்விடும். அன்று அந்த மனிதர் ராத்திரி வரை காத்திருந்தார். அதற்குப் பிறகு எல்லாச் சர்வரிலும் பார்க்காமல், ஒரு முழு மாதமாவது எண்ணிக்கை ஓடாமல், எதையும் அழிப்பதில்லை. போனஸ் கணக்கு மாதிரி வருடத்துக்கு ஒருமுறை ஓடுவது ஏதாவது இருந்தால் ஒரு மாதமும் போதாது.

பார்ட்டிஷன் செய்த, அதாவது பல துண்டு டேபிள்களாகப் பிரித்த, டேபிள் இருந்தால் இன்னொரு பொறி. தாய் டேபிளின் பெயரைக் கொடுத்து பிஜி_இண்டெக்சஸ்_சைஸ் கேட்டால் 0 வரும். தாயிடம் சொந்தமாக எதுவும் இல்லை, எல்லாம் பிள்ளைகளிடம். பிஜி_பார்ட்டிஷன்_ட்ரீ ஃபங்ஷன் பிள்ளைகளைப் பட்டியலிடும். ஒவ்வொன்றின் அளவையும் எடுத்துக் கூட்டுங்கள்.

பிஜி_கிளாஸ் டேபிளில் ரெல்பேஜஸ் என்று ஓர் எண் இருக்கிறது, அதை 8192-ஆல் பெருக்கிச் சொல்பவர்கள் உண்டு. வேக்யூம், அனலைஸ் போன்றவை ஓடும்போது மட்டுமே அது புதுப்பிக்கப்படும். அவசரத்துக்கு ஆகலாம், முடிவெடுக்க ஆகாது.

மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கு

மைஎஸ்கியூஎல்லின் இயல்புச் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் கணக்கின் அடிப்படையே வேறு. அங்கே டேபிள்தான் முதன்மைச் சாவி இண்டெக்ஸ், வரிசைகள் அந்த மரத்தின் இலைகளிலேயே இருக்கின்றன. இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவின் டேபிள்ஸ் பட்டியலில் வரும் டேட்டா_லெங்த் என்பது முதன்மைச் சாவியும் வரிசைகளும் சேர்ந்தது. இண்டெக்ஸ்_லெங்த் என்பது மற்ற இண்டெக்ஸ்கள் மட்டும். போஸ்ட்கிரெஸின் இண்டெக்ஸ் எண்ணையும் இதையும் பக்கத்தில் வைத்து 'மைஎஸ்கியூஎல் சிக்கனம்' என்று சொல்லிவிடாதீர்கள், இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை.

இந்த எண்கள் 8.0 பதிப்பில் இயல்பாக 86400 விநாடி, அதாவது ஒரு நாள் வரை பழையதாக இருக்கலாம். அனலைஸ் டேபிள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். அப்போதும் இது மதிப்பீடுதான்.

தனித்தனி இண்டெக்ஸுக்கு:

செலக்ட் இண்டெக்ஸ்_நேம், ஸ்டாட்_வேல்யூ * @@இன்னோடிபி_பேஜ்_சைஸ்
ஃப்ரம் மைஎஸ்கியூஎல்.இன்னோடிபி_இண்டெக்ஸ்_ஸ்டாட்ஸ்
வேர் டேட்டாபேஸ்_நேம் = 'கடை' அண்ட் டேபிள்_நேம் = 'பில்' அண்ட் ஸ்டாட்_நேம் = 'சைஸ்';

'சைஸ்' என்ற வரியில் இருப்பது பக்கங்களின் எண்ணிக்கை, பைட் அல்ல. இன்னோடிபி பக்கம் இயல்பாக 16 கேபி. பெருக்க மறந்தால் எல்லா இண்டெக்ஸும் அற்பமாகத் தெரியும். பிரைமரி என்று வரும் வரி டேபிளேதான் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னோடிபியில் ஒவ்வொரு துணை இண்டெக்ஸின் இலையிலும் முதன்மைச் சாவி கூடவே எழுதப்படும். 36 எழுத்து யூயூஐடியை உரையாகவே முதன்மைச் சாவி ஆக்கியிருந்தால், அந்த 36 பைட்டை ஒவ்வொரு துணை இண்டெக்ஸும் ஒவ்வொரு வரிசைக்கும் சுமக்கிறது. குமுளியில் ஒரு மசாலாக் கடையின் பில்லிங் டேபிளில் துணை இண்டெக்ஸ்கள் டேபிளையே மிஞ்சியிருந்ததற்கு இதுதான் காரணம். அங்கே எந்த இண்டெக்ஸை அழிப்பது என்று யோசிப்பதைவிடச் சாவியைச் சுருக்குவதே மருந்து. சிஸ் ஸ்கீமாவில் பயன்படாத இண்டெக்ஸ்களுக்கும், ஒன்றையே இருமுறை செய்யும் இண்டெக்ஸ்களுக்கும் தயார் வியூக்கள் உள்ளன. 8.0-இல் ஓர் இண்டெக்ஸை அழிக்காமல் கண்மறைவாக்கிச் சில நாள் பார்க்கவும் முடியும். போஸ்ட்கிரெஸில் இப்படி ஒன்று இருந்தால் மாதக் கடைசியில் அந்த மனிதர் காத்திருந்திருக்க மாட்டார்.

மற்ற மூன்று, சுருக்கமாக

எஸ்கியூஎல் சர்வரில் எஸ்பி_ஸ்பேஸ்யூஸ்டு டேபிளுக்கு மொத்தமாகச் சொல்லும். தனித்தனியாக வேண்டுமென்றால் சிஸ்.டிஎம்_டிபி_பார்ட்டிஷன்_ஸ்டாட்ஸில் யூஸ்டு_பேஜ்_கவுன்ட்டை 8 கேபியால் பெருக்குங்கள். இண்டெக்ஸ்_ஐடி 0 என்றால் வெறும் டேபிள், 1 என்றால் கிளஸ்டர்டு (வரிசைகளே அதன் இலைகளில் இருக்கும் இண்டெக்ஸ்), அதற்கு மேல் துணை இண்டெக்ஸ்.

ஆரக்கிளில் யூசர்_செக்மென்ட்ஸில் செக்மென்ட்_டைப் இண்டெக்ஸ் என்பவற்றின் பைட்ஸ். எந்த டேபிளுடையது என்பதற்கு யூசர்_இண்டெக்சஸோடு இணைக்க வேண்டும்.

எஸ்கியூலைட்டில் டிபிஸ்டாட் என்ற மெய்நிகர் டேபிள் சேர்த்துக் கட்டிய பதிப்பாக இருந்தால், பெயர்வாரியாக பிஜிசைஸைக் கூட்டினால் போதும்.

அளந்த பிறகு செய்தது

அந்த ராத்திரி வரிசை இப்படிப் போனது. முதலில் சிசிநியூ மிச்சத்தை அழித்தோம், 280 எம்பி உடனே வந்தது. அடுத்து ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி. பதிப்பு 12 முதல் இது இருக்கிறது, எழுதுவதையும் படிப்பதையும் நிறுத்தாது. ஆனால் புதிய பிரதி முழுதாகக் கட்டி முடியும்வரை பழையதும் இருக்கும், ஆகவே அந்த அளவுக்குக் காலி இடம் தேவை. அதனால்தான் முன்பு யாரோ முயன்று தோற்றிருக்க வேண்டும். புதுப் பிரதி எவ்வளவு வரும் என்பதற்கு மேலே போட்ட காகிதக் கணக்கு உதவியது. சிறியதிலிருந்து தொடங்கினோம். கூலி நிலை முடிந்து கிடைத்த இடம் முதன்மைச் சாவிக்கு, அதில் கிடைத்தது யூயூஐடிக்கு, கடைசியில் பெயர். கூலி நிலை இண்டெக்ஸை அப்புறம் 'பாக்கி' வரிசைகளுக்கு மட்டுமான பகுதி இண்டெக்ஸாக மாற்றினேன், இப்போது சில எம்பியில் நிற்கிறது. ஆனாலும் நிலை மாறும்போது ஹாட் இன்னும் கிடைக்காது, ஏனென்றால் பகுதி இண்டெக்ஸின் நிபந்தனையில் வரும் நெடுவரிசையும் கணக்கில் சேரும். அதனால் வீக்கத்தைக் கவனிக்கும் வேலை முடியவில்லை.

கவனிப்பதற்காக ஒரு சின்ன டேபிள் வைத்திருக்கிறோம்: நாள், இண்டெக்ஸ் பெயர், பைட், ஐடிஎக்ஸ்_ஸ்கேன், டேபிளின் வரிசை மதிப்பீடு. ஒவ்வொரு ஞாயிறும் விடிகாலை 2 மணிக்கு, குறித்த நேரத்தில் தானே ஓடும் ஒரு கிரான் வேலை இந்த எண்களை எழுதிவிட்டுப் போகிறது. பைட்டை வரிசையால் வகுத்துப் பார்க்கிறேன். பிகின்ட் முதன்மைச் சாவிக்கு 22-ஐ ஒட்டி இருக்க வேண்டிய அந்த எண் 35-ஐத் தாண்டினால் மட்டும் பிஜிஸ்டாட்இண்டெக்ஸை ஓட்டி உள்ளே பார்க்கிறேன்.

9 ஜிபி படங்கள் பற்றி வண்டன்மேட்டு மேனேஜரிடம் பேசினேன். "கூலித் தகராறு வந்தா அந்தப் படம்தான் சாட்சி, அதைத் தொடாதீங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். படங்களைத் தனி டிஸ்கில் கோப்புகளாக வைத்து, சீட்டில் பாதையை மட்டும் எழுதும்படி மாற்றிக்கொண்டிருக்கிறோம். பழைய சீசன் படங்களில் பாதி நகர்ந்திருக்கிறது.